காலையில் காணாமல் போகும் இசட் டிரைவ்

கணினி: கேள்வி – பதில்

மேப் செய்த நெட்வொர்க் டிரைவ் (வேறொரு கணினியில் இருக்கும் ஃபோல்டரை நம் கணினியின் டிரைவ் போலக் காட்டும் ஏற்பாடு) பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கே: எங்கள் கடை அலுவலகத்தில் ஐந்து கணினிகள். டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஒன்றில் இருக்கிறது. மற்ற நான்கிலும் அதை இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறோம். இரண்டு லேப்டாப்பில் மட்டும் காலையில் ஆன் செய்ததும் 'குட் நாட் ரீகனெக்ட் ஆல் நெட்வொர்க் டிரைவ்ஸ்' என்று வருகிறது. டிரைவின் மேல் சிவப்பு எக்ஸ். டேலியில் கம்பெனிப் பட்டியல் காலி. டிரைவை நீக்கி மறுபடி மேப் செய்தால் சரியாகிறது. மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. — வாசகர், ஈரோடு

ப: நீக்கி மறுபடி மேப் செய்வதை முதலில் விடுங்கள். கோளாறு மேப்பில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. நாளை காலை அந்த எக்ஸ் தெரியும்போதே டிரைவை டபுள் கிளிக் செய்து பாருங்கள். திறந்துவிட்டால் பாஸ்வேர்டு, முகவரி, அனுமதி எல்லாம் சரியாக இருக்கின்றன என்று பொருள். நீங்கள் லாகின் ஆன கையோடு விண்டோஸ் பழைய டிரைவ்களை இணைக்கப் பார்க்கிறது. வைஃபை அதற்குள் ரூட்டரிடமிருந்து ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் அடையாள எண்) வாங்கியிருக்காது. முதல் முயற்சி தோற்றதும் விண்டோஸ் அப்படியே விட்டுவிடுகிறது. கேபிளில் இருக்கும் மேசைக் கணினிகளுக்கு இந்தத் தொல்லை வராததற்கும் இதுதான் காரணம். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் இந்தக் குறை இருப்பதை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு, லாகினுக்குப் பின் டிரைவை இணைக்கும் ஸ்கிரிப்ட்டைத் தற்காலிக வழியாகக் கொடுத்தது.

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' என்று மட்டும் தட்டினால் நிலவரம் தெரியும். 'அன்அவைலபிள்' என்றால் மேப் நினைவில் இருக்கிறது, இணைப்பு இன்னும் ஏற்படவில்லை. 'டிஸ்கனெக்டட்' என்றால் இணைந்து, பிறகு சும்மா இருந்ததால் துண்டிக்கப்பட்டது.

புரோ பதிப்பாக இருந்தால் குரூப் பாலிசியில் (விண்டோஸ் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றும் அமைப்புப் பக்கம்) கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் என்று போய், 'ஆல்வேஸ் வெயிட் ஃபார் தி நெட்வொர்க்' என்று தொடங்கும் வரியை எனேபிள் செய்யலாம். கேபிள் இணைப்புக்கு இது நல்ல பலன் தரும். வைஃபைக்குப் பல நேரம் போதாது. ஹோம் பதிப்பில் இந்த வசதியே இல்லை. ஆகவே உங்கள் லேப்டாப்புகளுக்கு நாங்கள் சொல்வது வேறு வழி.

இசட் டிரைவை ரைட் கிளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுங்கள். நோட்பேடில் இந்த ஒரே வரியைத் தட்டுங்கள்:

நெட் யூஸ் இசட்: \\கடைபிசி\டேலிடேட்டா /பெர்சிஸ்டன்ட்:நோ

கடைபிசி என்ற இடத்தில் டேட்டா இருக்கும் சர்வர் கணினியின் பெயர், டேலிடேட்டா என்ற இடத்தில் ஷேரின் (பகிர்ந்த ஃபோல்டரின்) பெயர். கோப்பைப் 'பேட்' என்ற நீட்சியோடு சேமியுங்கள். கடைசியில் 'நோ' போட்டிருப்பதால் விண்டோஸ் இந்த மேப்பை நினைவில் வைக்காது. லாகினில் அவசரப்பட்டு இணைக்கப் பார்க்காது. சிவப்பு எக்ஸும் வராது. இனி, வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் புது டாஸ்க் ஒன்று. ட்ரிகர் 'அட் லாக் ஆன்', தாமதம் 30 செகண்ட், ஆக்ஷனில் அந்த பேட் கோப்பு.

சறுக்கும் இடங்கள் இரண்டு. 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்ற கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. இருந்தால் டிரைவ் அட்மின் உரிமையில் இணைந்து, எக்ஸ்ப்ளோரருக்கும் டேலிக்கும் தெரியாமல் போகும். அடுத்தது, கண்டிஷன்ஸ் பக்கத்தில் 'ஏசி பவர் இருந்தால் மட்டும்' என்ற பொருளில் ஒரு வரி முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். அதை எடுக்காவிட்டால், சார்ஜர் செருகாமல் லேப்டாப்பை ஆன் செய்கிற நாளில் டாஸ்க் ஓடாது.

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் 'ரெஸ்டோர்கனெக்ஷன்' மதிப்பை 0 ஆக்கச் சொல்லும் குறிப்புகளையும் பார்த்திருப்பீர்கள். அது அறிவிப்பை மட்டுமே மறைக்கும்.

கே: சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் டிரைவில் எக்ஸ் விழுந்திருக்கிறது. தொட்டால் திறக்கிறது. — வாசகி, கும்பகோணம்

ப: பயப்பட ஒன்றுமில்லை. ஷேர் தரும் விண்டோஸ் கணினி, 15 நிமிடம் பயன்படாத இணைப்பைத் துண்டித்து வைக்கும். தொட்டதும் மீண்டும் இணையும். இடைவெளிக்குப் பிறகு ஏதாவது மென்பொருள் பிழை காட்டினால் மட்டும், ஷேர் தரும் கணினியில் அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'நெட் கான்ஃபிக் சர்வர் /ஆட்டோடிஸ்கனெக்ட்:-1' கொடுங்கள். அந்தக் கணினி ஸ்லீப்புக்குப் போகாதபடி 'நெவர்' என்று வைப்பது அதைவிட முக்கியம்.

கே: டிரைவை மேப் செய்யும்போது சர்வர் கணினியின் பின் நம்பரைச் சரியாகத்தான் கொடுக்கிறேன். பாஸ்வேர்டு தவறு என்கிறது. — வாசகர், விருதுநகர்

ப: பின் நம்பர் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வருபவரிடம் விண்டோஸ் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கேட்கும். பாஸ்வேர்டே இல்லாத அக்கவுன்ட்டும் நெட்வொர்க்கில் செல்லாது.

உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டை ஊழியர்களின் கணினிகளில் பதிக்க வேண்டாம்; அது உங்கள் மின்னஞ்சலையும் சேர்த்துத் திறக்கும் சாவி. ஷேருக்கென்றே சர்வர் கணினியில் ஒரு லோக்கல் யூசரை உருவாக்குங்கள். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் வழியாகப் போனால், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் யூசர் சேர்க்கும் வழி இருக்கிறது. ஃபோல்டரின் அட்வான்ஸ்டு ஷேரிங்கில் அவருக்கு 'சேஞ்ச்', செக்யூரிட்டி பக்கத்தில் 'மாடிஃபை' அனுமதி கொடுங்கள். இரண்டும் வேண்டும், ஒன்றில் மட்டும் கொடுத்தால் டிரைவ் திறக்கும், சேமிக்க விடாது.

பிறகு மற்ற கணினிகளில் கன்ட்ரோல் பேனலின் கிரெடென்ஷியல் மேனேஜரில், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் அந்த சர்வர் பெயரில் உள்ள பழைய பதிவை நீக்கிப் புதியதைச் சேருங்கள். யூசர் பெயரை 'கடைபிசி\யூசர்' என்ற வடிவில் கொடுங்கள். பிழை எண் 1219 வந்தால், அதே சர்வரோடு வேறொரு யூசர் பெயரில் இணைப்பு ஏற்கெனவே திறந்திருக்கிறது. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரை விண்டோஸ் ஏற்காது. திறந்த கோப்புகளை மூடிவிட்டு 'நெட் யூஸ் * /டெலீட்' கொடுத்துத் திரும்ப லாகின் ஆகுங்கள்.

கே: விண்டோஸ் 11-ஐ 24எச்2-க்கு அப்டேட் செய்தபின் பழைய என்.ஏ.எஸ். பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) திறக்கவில்லை. ஹோம் பதிப்பு உள்ள கணினியில் திறக்கிறது, புரோவில் திறக்கவில்லை. பெட்டிக்குப் பாஸ்வேர்டு வைத்ததில்லை. — வாசகர், திருச்சி

ப: அந்த வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்னது பெரிய உதவி. 2024 அக்டோபரில் வெளியான 24எச்2-இல், புரோ பதிப்பு ஒவ்வொரு எஸ்.எம்.பி. (விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் முறை) இணைப்பிலும் டிஜிட்டல் கையொப்பம் கேட்கிறது, ஹோம் கேட்பதில்லை. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பால் கையொப்பமிட முடியாது, ஏனென்றால் அந்தச் சாவி பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தப் பாதுகாப்பை அணைக்கும் கட்டளைகள் கிடைக்கும். தயவுசெய்து அணைக்காதீர்கள். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு யூசரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பித்து, குறைந்தபட்ச எஸ்.எம்.பி. பதிப்பை 2 என்று வையுங்கள். பெட்டிக்கு எஸ்.எம்.பி. 1 மட்டுமே தெரியும் என்றால், டேட்டாவை நகலெடுத்துவிட்டு அதை ஓய்வில் விட வேண்டியதுதான். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ் பரவியது எஸ்.எம்.பி. 1-இல் இருந்த ஓட்டை வழியாக. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதன் ஷேர் தரும் பகுதி தானாக நிறுவப்படுவதில்லை.

கே: எக்ஸ்ப்ளோரரில் இசட் டிரைவ் தெரிகிறது. அட்மினாகத் திறந்த பேக்கப் மென்பொருளில் தெரியவில்லை. — வாசகி, சேலம்

ப: ஒரே ஆள் என்றாலும், சாதாரண உரிமைக்கும் அட்மின் உரிமைக்கும் விண்டோஸ் தனித்தனி அமர்வு வைக்கிறது. ஒன்றில் மேப் செய்தது மற்றதில் தெரியாது. பேக்கப்பில் டிரைவ் எழுத்துக்குப் பதிலாக \\கடைபிசி\டேலிடேட்டா என்று முழுப் பாதையையே கொடுங்கள். இரவு நேர பேக்கப்புக்கும் இதுவே சரி; யாரும் லாகின் ஆகாத நேரத்தில் இசட் என்று ஒன்று இருக்காது.

கே: கரன்ட் போய் வந்தபின் பிழை எண் 53, அதாவது நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்கிறது. \\192.168.1.7 என்று மேப் செய்திருந்தேன். பிங் (அந்த முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்தால் பதில் வருகிறது. — வாசகர், தென்காசி

ப: பதில் சொல்வது உங்கள் சர்வர்தானா என்று பாருங்கள். ரூட்டர் மறுபடி ஆன் ஆனபோது 7 என்ற எண்ணை யாருடைய செல்போனுக்காவது கொடுத்திருக்கலாம். சர்வர் கணினியில் 'ஐபிகான்ஃபிக்' தட்டினால் இப்போதைய எண் தெரியும். மாறியிருந்தால், ரூட்டரின் டி.எச்.சி.பி. (ஐ.பி. முகவரி வழங்கும்) பக்கத்தில் அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் நிரந்தர அடையாளம்) ஒரு எண்ணை ரிசர்வ் செய்யுங்கள். மேப்பையும் கணினிப் பெயரில் மாற்றிவிடுங்கள்.

எண் மாறவில்லை என்றால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பாருங்கள். பிங் வேறு, ஷேர் வேறு. ஷேர் 445-ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசலில்) போகிறது. பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கடைபிசி -போர்ட் 445' கொடுங்கள். கடைசி வரியில் 'ஃபால்ஸ்' என்று வந்தால், சர்வர் கணினி அந்த நெட்வொர்க்கைப் பப்ளிக் (பொது இடத்து நெட்வொர்க்) என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். ரூட்டரை மாற்றினால் இப்படி அடிக்கடி நடக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸ் திறந்து பிரைவேட் ஆக்குங்கள். மாற்ற வேண்டியது சர்வர் கணினியில்; டிரைவ் திறக்காத கணினியில் இல்லை.