போர்ப் பதக்கத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் தூத்துக்குடியில் தலைமுறையாகத் தோணி கட்டிய குடும்பம். முதல் உலகப்போரில் சரக்குக் கப்பலில் தச்சராகப் போன கொள்ளுத்தாத்தாவின் வெண்கலப் பதக்கமும், அவர் தம்பி தோணி அளவுகளை எழுதிவைத்த நோட்டும் என்னிடம் உள்ளன. கனடாவில் இருக்கும் என் தம்பிக்கு அனுப்பலாமா? ‘பழம்பொருள் அல்ல’ என்று சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார்.

பதில்: அனுப்பாதீர்கள். வரலாற்று மதிப்புள்ள பொருள் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சொந்தத் தாத்தாவுடையது என்ற பேச்சு சுங்கத்தில் எடுபடாது. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

பதக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். அலையில் போகும் சரக்குக் கப்பல், மூழ்கும் நீர்மூழ்கி, 1914–1918 என்ற எழுத்து இருந்தால், அது வணிகக் கப்பல் பணியாளர்களுக்காக 1919இல் ஏற்படுத்திய பதக்கம். ஆண்டே பொறித்திருக்கும் பொருளைப் பழையதல்ல என்று எந்த அதிகாரி எழுதிக் கொடுப்பார்? தரகர் தருவது போலிக் காகிதமாகத்தான் இருக்கும். மாட்டுவது பார்சலில் பெயர் போட்ட நீங்கள். சான்றிதழுக்கென்று வாங்கிப்போய் நகலைத் திருப்பித் தருகிறவர்களும் உண்டு. விளிம்பில் பொறித்த பெயரை இப்போதே படம் எடுத்துவையுங்கள். புளி போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்த எழுத்து மழுங்கிவிடும்.

நோட்டு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘நூறு வருஷம் ஆகலையே’ என்று பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் கணக்கு 75 ஆண்டுதான். அறிவியல், வரலாற்று மதிப்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மளிகைக் கணக்கு இதில் வராது. ஆனால் ஏரா (தோணியின் அடியில் நெடுக ஓடும் முதன்மை மரம்) எவ்வளவு நீளம், எந்த மரம், பலகை என்ன கனம் என்று எழுதிய நோட்டு நிச்சயம் வரும். பல தோணிகளின் அளவு கட்டியவர் மனசோடு போய்விட்ட தொழில் இது. 1940களில் எழுதியிருந்தாலும் அது ஆவணம்தான்.

சந்தேகம் இருந்தால் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் நீங்களே நேரில் கேளுங்கள். சட்டம் வந்து ஐம்பது ஆண்டு கடந்தும் குடும்பங்களுக்கு இதை எளிய தமிழில் சொல்லாமல் விட்டதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

தம்பிக்கு நோட்டை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்தப் பதக்கம் பெற்ற கப்பல் பணியாளர்களின் அட்டைகள் இருக்கின்றன. விளிம்பில் உள்ள எழுத்துக்கூட்டலை வைத்து தம்பி கனடாவிலிருந்தே தேடலாம்.