26 கிலோ சிப்பமும் ஒரு வீசைப் பையும்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் 25 கிலோவாக வந்த அரிசிச் சிப்பம் சில ஆண்டுகளாக 26 கிலோவாக வருகிறது. அமெரிக்காவில் என் மகள் வீட்டு அரிசிப் பையில் 20 பவுண்டு, 9.07 கிலோ என்று அச்சிட்டிருக்கிறது. என் தாத்தாவின் பேரேட்டிலோ எல்லாம் வீசை என்ற பழைய எடைக் கணக்கு. இந்த எடைகளை யார் தீர்மானிக்கிறார்கள்? நான் ஒரு வீசைப் பைகளாகக் கட்டி விற்கலாமா?

பதில்: சிப்பத்தில் கூடிய ஒரு கிலோவுக்குக் காரணம் வரி. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே கட்டி விவரம் அச்சிட்ட அரிசி, பருப்பு போன்றவற்றுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. இந்த 25 கிலோ எல்லை, பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளிலிருந்து எடுத்தது. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 கிலோ சிப்பம் வரியோடு 1,575 ரூபாய். வரியில்லாத 26 கிலோ சிப்பம் 1,560 ரூபாய். கூடுதல் அரிசி குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது ஆலைக்காரர்கள் எதைக் கட்டுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா! பத்துப் பத்து கிலோ பைகள் மூன்றை ஒரே மூட்டைக்குள் வைத்துத் தைத்தால் மட்டும் இந்த விலக்கு கிடைக்காது; உள்ளே இருக்கும் சில்லறைப் பையைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

உங்கள் மகள் வீட்டுப் பையில் முழு எண்ணாக இருப்பது பவுண்டுதான். ஒரு பவுண்டு ஏறத்தாழ 453.6 கிராம் என்பதால் 20 பவுண்டு 9.07 கிலோ ஆகிறது. அங்கே வீட்டு உபயோகப் பொட்டலங்களில் இரண்டு அளவையும் அச்சிடுவது சட்டம்.

நம் ஊரில் 1956-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்துக்குப் பிறகு, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோ வந்தது. அதற்கு முந்தைய சென்னைக் கணக்கில் 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் வீசை சுமார் 1.4 கிலோ, மணங்கு சுமார் 11.2 கிலோ. பேரேட்டின் பழைய விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க இது உங்களுக்கு உதவும்.

1.4 கிலோப் பை கட்டத் தடையில்லை. அரிசியை இன்னின்ன அளவுகளில்தான் கட்ட வேண்டும் என்றிருந்த பட்டியலை 2021-இல் அறிவித்த திருத்தம் நீக்கிவிட்டது. ஆனால் நிகர எடை என்ற இடத்தில் ‘1 வீசை’ என்று போடக் கூடாது; 1.4 கிலோ என்றே இருக்க வேண்டும். அதனுடன் உங்கள் பெயர், முகவரி, கட்டிய மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, ஒரு கிலோவின் விலை ஆகியவையும் வேண்டும். பொட்டலம் கட்டுபவர் என்ற முறையில் எடையளவுத் துறையில் பதிவும் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது.

இன்னொரு சிக்கல், நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் அந்தப் பைக்கு 5 சதவீத வரி உண்டு; அதே அரிசியை வாடிக்கையாளர் எதிரில் சிப்பத்திலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் கிடையாது. என்னைக் கேட்டால், தாத்தாவின் வீசையை 1.4 கிலோவாக அப்படி நிறுத்தே கொடுத்துவிடுங்கள் என்பேன். வெறும் பையை முதலில் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு அரிசியைக் கொட்டுங்கள். பையின் எடை வாடிக்கையாளர் கணக்கில் சேரக் கூடாது.