பழைய வீட்டுச் சாமான்: வாங்குவோரும் கொடுப்போரும் கேட்டவை

நன்கொடையாக வரும் வீட்டுச் சாமான்களை விற்று, அந்தப் பணத்தை அறப்பணிக்குத் தரும் கடையில் பொருட்களைத் தரம் பிரிப்பது என் வேலை. பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: உங்களுக்கு இலவசமாக வந்த பொருள்தானே அக்கா, எதற்கு விலை?

பதில்: கடை வாடகை, மின்சாரம், வண்டி, சம்பளம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் அறப்பணிக்குப் போகிறது. விலைபோகாத சாமானை அப்புறப்படுத்தவும் பல ஊர்களில் காசு கட்ட வேண்டும். உடைந்த சோபாவைக் கொண்டுவந்து இறக்கினால், அதைத் தூக்கிப்போடும் செலவு எங்கள் தலையில் விழும்.

கேள்வி: அலமாரி நல்ல மரமா, வெறும் போர்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கதவைத் திறந்து பார்த்தால் போதாது. ஒரு டிராயரை முழுசாக வெளியே உருவி மூலையைப் பாருங்கள். முன்பலகையும் பக்கப் பலகையும் விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தால், செய்தவர் அக்கறையோடு செய்திருக்கிறார். ஸ்டேப்பிள் பின் அடித்து ஒட்டியிருந்தால் அதற்கேற்ற விலைதான் கொடுக்கலாம். அடுத்து பலகையின் விளிம்பு. மேலே ஓடும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் அநேகமாக முழு மரம். தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் உள்ளே போர்டுதான்.

போர்டு என்றாலே மோசம் இல்லை. ஈரம்தான் அதற்கு எமன். குனிந்து கால் பக்கம் தடவுங்கள். தண்ணீர் பட்ட பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை, அப்பம் மாதிரி உப்பியிருக்கும். உப்பினது பழைய நிலைக்கு வராது, அதில் ஸ்க்ரூவும் நிற்காது. முழு மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

அப்புறம், அளவு நாடா இல்லாமல் வராதீர்கள். சுவரை அளந்துவிட்டு வருகிறவர்கள் வாசற்படியையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளக்க மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மூட்டைப்பூச்சிக்குப் பயந்தே சோபா வாங்காமல் இருக்கிறேன்.

பதில்: நியாயமான பயம். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் பூச்சி அது. "ரொம்ப நாளாக யாரும் உட்காரவே இல்லை" என்று யாராவது சொன்னால் அதை நம்பி வாங்காதீர்கள். போனில் டார்ச் போட்டு, தையல் மடிப்புகளையும் அடிப்பக்கத் துணியையும் பாருங்கள். மையால் வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள், உரித்த தோல் எது தெரிந்தாலும் வேண்டாம். கட்டில் என்றால் பொருத்துகளும் ஸ்க்ரூ ஓட்டைகளும் அதன் ஒளிவிடங்கள். திரைச்சீலை, குஷன் உறை போன்றவற்றை வீட்டுக்குள் பரப்பும் முன் துணி உலர்த்தும் டிரையரில் நல்ல சூட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் முட்டைகூடத் தப்பாது.

கேள்வி: மின்சாமான்?

பதில்: கடையிலேயே பிளக்கைச் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒயரில் டேப் சுற்றியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்து ஏற்றிவந்தால் உடனே ஸ்விட்ச் போடாதீர்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும். சில மணி நேரம் நிமிர்த்தி வைத்தால் இறங்கிவிடும்.

கேள்வி: பாத்திரம் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் ஒரு காந்தம் கொண்டுவாருங்கள். அடியில் நன்றாக ஒட்டினால் வேலை செய்யும். பூச்சு உரிந்த நான்ஸ்டிக் வேண்டாம்.

கேள்வி: எதையெல்லாம் நன்கொடையாகத் தரக் கூடாது?

பதில்: கடைக்குக் கடை விதி மாறும், ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கறை படிந்த மெத்தை, ஹெல்மெட், காரில் பொருத்தும் குழந்தை இருக்கை மூன்றையும் நாங்கள் தொடுவதே இல்லை. ஹெல்மெட்டின் உள் நுரை ஒரு பலத்த அடியை வாங்கினால் நசுங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தை இருக்கையும் அப்படித்தான். விபத்தில் சிக்கியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

கேள்வி: கடை மூடியிருந்தால் வாசலில் வைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஒரு மழை போதும், காலையில் அது குப்பை.

கேள்வி: கட்டிலைப் பிரித்துத்தான் கொண்டுவர முடியும். வாங்குவீர்களா?

பதில்: தாராளமாக. ஆனால் போல்ட், நட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, கட்டில் சட்டத்திலேயே டேப் ஒட்டிவிடுங்கள். பிரிக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. போல்ட் இல்லாமல் வந்த அருமையான கட்டில்கள் எங்கள் கிடங்கில் சுவரோரம் சாய்ந்தபடியே கிடக்கின்றன, வாங்க ஆள் இல்லை.