பாதி நாள் வைத்துக்கொண்டால் பாதிப் பணம் போதுமா?

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது வயது மகள் என்னுடன் இருக்கிறாள். வாரந்தோறும் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரையும், கோடை விடுமுறையில் தொடர்ந்து மூன்று வாரங்களும் அவளை அவர் அழைத்துச் செல்லலாம் என்றும், அவளுக்கு மாதம் 12,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் தர வேண்டும் என்றும் குடும்ப நல நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நான்கு மாதங்களாக அவர் 6,000 ரூபாய்தான் அனுப்புகிறார். "பாதி நாள் என்னிடம்தானே இருக்கிறாள், நீயும் சம்பாதிக்கிறாயே" என்கிறார். அவருடைய சம்பளம் 75,000 ரூபாய், என்னுடையது 25,000 ரூபாய். முழுத் தொகை வரும்வரை மகளை அனுப்பாமல் இருக்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அனுப்பாமல் இருக்காதீர்கள். பணம் பற்றிய உத்தரவும் சந்திப்பு பற்றிய உத்தரவும் தனித்தனியானவை. அவர் ஒன்றை மீறினார் என்பதற்காக நீங்கள் மற்றொன்றை மீறினால், இன்று உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அடுத்த விசாரணையில் அவர் பக்கம் போய்விடும். தாய், தந்தை இருவரின் அன்பும் குழந்தைக்கு உரிய உரிமை என்று யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

அவர் சொல்லும் "பாதி நாள்" கணக்கை எண்ணிப் பார்த்தேன். வாரம் 2 இரவுகள் வீதம் ஆண்டுக்கு 104. விடுமுறையின் மூன்று வாரங்களில் கூடுதலாக 15. ஆக 119 இரவுகள். இது ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இரவுகளை எண்ணித் தொகையைக் குறைக்கும் சூத்திரம் சட்டத்திலேயே உள்ள பிரிட்டனில்கூட, 119 இரவுகளுக்கு ஏழில் இரண்டு பங்குதான் குறையும். நம் நாட்டில் அப்படிப்பட்ட சூத்திரமே கிடையாது. மகள் அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் உங்கள் வீட்டில் சாப்பாட்டுச் செலவு சற்றுக் குறையலாமே தவிர, வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று குறைவதில்லை.

நீங்களும் சம்பாதிக்கிறீர்கள் என்ற வாதத்தை மட்டும் நான் ஒதுக்கிவிட மாட்டேன், ஏனெனில் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பெற்றோர் இருவரும் வேலையில் இருந்த பத்மஜா சர்மா வழக்கில், 2000-ஆம் ஆண்டு, பிள்ளைகளின் செலவை வருமான விகிதப்படி இருவருமே ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020-இல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பும், கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்க வேண்டும், தாய்க்குப் போதிய வருமானம் இருந்தால் விகிதப்படி பகிரலாம் என்கிறது. உங்கள் இருவரின் சம்பளம் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கிறது. மகளின் மாதச் செலவு 16,000 ரூபாய் என்றால் அவர் பங்கு 12,000, உங்கள் பங்கு 4,000. பாதிக்குப் பாதி என்பது இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

உத்தரவிட்ட தொகை அதிகம் என்று அவர் உண்மையிலேயே நினைத்தால், சூழ்நிலை மாறியதைக் காட்டி, அதை மாற்றக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். தாமாகவே குறைத்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் இல்லை. உங்கள் உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலோ, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவிலோ பிறப்பிக்கப்பட்டது என்றால், நிலுவையை வசூலிக்க வாரண்ட் கோரலாம். தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பலர் "அவராகவே தந்துவிடுவார்" என்று காத்திருந்து பழைய மாதங்களின் நிலுவையை இழந்திருக்கிறார்கள். வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு.

அதுவரை அவர் அனுப்பும் 6,000 ரூபாயைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பெற்றுக்கொண்டு, "இந்த மாதத் தொகையில் ஒரு பகுதி மட்டும் கிடைத்தது, மீதி 6,000 ரூபாய் நிலுவை" என்று ஒவ்வொரு மாதமும் அவருக்குச் செய்தி அனுப்பி, வங்கிக் கணக்கு விவரத்துடன் சேர்த்து வையுங்கள். அந்தச் செய்தியை மகள் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். அவள் எதிரில் இந்தத் தொகையைப் பற்றிப் பேசவும் வேண்டாம்.