வாசகர் கேள்வி பதில்: பத்தாம் வகுப்பில் தவறிய மகனும் பட்டறை வேலையும்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பத்தாம் வகுப்பில் கணிதத்திலும் அறிவியலிலும் தவறிவிட்டான். இனிப் பள்ளிக்கூடப் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லி, பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறைக்குப் போய்வருகிறான். படிப்பு ஏறாதவனுக்குக் கைவேலைதான் கதி என்கிறார் என் அண்ணன். அவன் போக்கிலேயே விட்டுவிடலாமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை, சகோதரி. பட்டறையில் ஒரு கேட் உருவாவதைச் சற்று நேரம் நின்று பாருங்கள். கேட்டின் நான்கு பக்கச் சட்டத்தை டேக் அடித்ததும், அதாவது ஆங்காங்கே சிறு வெல்டு வைத்து நிறுத்தியதும், மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் முழுவதுமாக வெல்டு வைப்பார்கள்; செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று கணிதப் பாடத்தில் வருவது இதுதான். அங்குலத்துக்கு எட்டு நூல் என்று கணக்குப் போட்டு, மூன்று நூலையும் ஐந்து நூலையும் கூட்டி ஓர் அங்குலம் என்று உடனே சொல்கிற பையனுக்குப் பின்னம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் அவனைப் பட்டறையோடு விட்டுவிடாதீர்கள். எந்த வெல்டிங் ராடுக்கு எவ்வளவு கரண்ட், தகடு ஏன் கோணிக்கொள்கிறது என்பதையெல்லாம் விளக்கிச் சொல்ல மேஸ்திரிக்கு நேரம் இருக்காது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. காரணம் தெரியாமல் வேலையை மட்டும் பழகுகிறவன் ஐந்து வருடம் கழித்தும் எடுபிடியாகவே நிற்க நேரிடும். இன்னொன்றையும் இன்றைக்கே கவனியுங்கள்: வெல்டிங் கண்ணாடி இல்லாமல் அந்த ஒளியைப் பார்த்தால் இரவில் மணல் விழுந்தாற்போல் கண் உறுத்தும். முகக் கவசம் தராத இடத்தில் எவ்வளவு கூலி கொடுத்தாலும் அவன் வேலை செய்யக் கூடாது.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) வெல்டர் பிரிவில் ஓராண்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அம்பத்தூரிலும் வடசென்னையிலும் அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. கூடவே, தவறிய இரண்டு பாடங்களை மட்டும் அவன் மறுபடி எழுதட்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) சேரப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள் என்பதால், அந்தக் கதவை இப்போதே சாத்திவிட வேண்டாம். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் அப்ரண்டிஸ் பயிற்சியில் உதவித்தொகையும், முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. பட்டறையில் எத்தனை வருடம் உழைத்தாலும் அப்படி ஒரு காகிதம் கைக்கு வராது.

தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பயிற்சி மையத்தில் சேர்ப்பதானால் சுவரில் இருக்கும் புகைப்படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பையன் கையில் கருவி இருக்கும், சான்றிதழ் அரசு அங்கீகாரம் பெற்றதா, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அப்படி முடித்த ஒருவரையாவது நேரில் பார்த்துப் பேசுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த என் தங்கை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் (இயந்திர பாகங்களைப் பொருத்தும் வேலை) படிக்க ஆசைப்படுகிறாள். பெண்களைச் சேர்ப்பார்களா?
– வாசகர், காசிமேடு

பதில்: தாராளமாகச் சேர்ப்பார்கள். தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்குத்தான் 40 வயது என்ற உச்சவரம்பு. பெண்களுக்கு அதுவும் இல்லை. ஃபிட்டர் இரண்டாண்டுப் படிப்பு, முடித்ததும் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர முடியும். அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் அரசின் புதுமைப்பெண் திட்டம் தரும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்கு அவருக்குத் தகுதி இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். பயிற்சிக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற அறையும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் நீங்களும் தங்கையோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நன்றாகப் படிக்கக்கூடிய பெண்கள் பாதியில் நின்றுவிடுவதற்குப் பல இடங்களில் இதுவே காரணமாகிவிடுகிறது.