ரனியேரியை லெஸ்டர் நீக்கியது தவறா? கேள்விகளும் பதில்களும்

2016 மே மாதம் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்து பிரீமியர் லீக்கை வென்றது. சீசன் தொடங்கும்போது பந்தயக்காரர்கள் அதற்குக் கொடுத்த விலை 5000-க்கு 1. ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரி 23 அன்று, அந்தக் கோப்பையை வாங்கித் தந்த மேனேஜர் கிளாடியோ ரனியேரியை கிளப் நீக்கியது. அது துரோகமா, தேவையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரனியேரி மீது எனக்கு அளவில்லாத அன்பு உண்டு. ஆனாலும் அந்த முடிவு சரிதான்.

கேள்வி: அண்ணா, சாம்பியன் ஆக்கினவரை ஒரு வருஷம்கூட பொறுக்க முடியாதா? எப்படி சரின்னு சொல்றீங்க?

அந்த நாளின் பாயிண்ட் டேபிளைப் பாருங்கள் தம்பி. 25 ஆட்டத்தில் 21 புள்ளி, 17-வது இடம். ரெலிகேஷன் (கடைசி மூன்று அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்குவது) கோட்டுக்கு மேலே ஒரே ஒரு புள்ளிதான். கடைசி ஐந்து லீக் ஆட்டமும் தோல்வி. 2017 பிறந்த பிறகு ஆடிய ஆறு லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. செல்சியிடம் 0-3, சவுத்தாம்ப்டனிடம் 0-3, பர்ன்லியிடம் 0-1, மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-3, ஸ்வான்ஸியிடம் 0-2. நடுவில் எஃப்.ஏ. கோப்பையில், மூன்றாம் டிவிஷனில் இருந்த மில்வாலிடம், அதுவும் அவர்கள் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தபோது, 0-1.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அதே வேகத்தில் மீதி 13 ஆட்டமும் போயிருந்தால் இன்னும் 11 புள்ளி வந்திருக்கும், மொத்தம் 32. அந்த சீசனில் 34 புள்ளி எடுத்த ஹல் சிட்டி கீழே இறங்கியது. சாம்பியனாக இருந்து அடுத்த வருஷமே இறங்கிய அணி இங்கிலாந்தில் ஒன்றுதான், 1938-ல் மான்செஸ்டர் சிட்டி. லெஸ்டர் இரண்டாவதாகிவிடும் என்ற பயத்துக்கு முழு நியாயம் இருந்தது.

கேள்வி: அவர் போனதும் அஞ்சு மேட்ச் வரிசையா ஜெயிச்சாங்களே, அதுவே பிளேயர்ஸ் வேணும்னு ஆடலைங்கறதுக்கு சாட்சி இல்லையா? அப்ப தண்டிக்க வேண்டியது யாரை?

அதிகமாக வந்த கேள்வி இதுதான், கோபத்தோடு வந்ததும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உதவிப் பயிற்சியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்தில் லிவர்பூலை 3-1 என்று அடித்தார்கள். முன்வரிசை வார்டி இரண்டு கோல், நடுவரிசை டிரிங்க்வாட்டர் ஒன்று. பிறகு ஹல், வெஸ்ட் ஹாம், ஸ்டோக், சண்டர்லேண்ட். வெளி மைதானத்தில் அந்த சீசனின் முதல் லீக் வெற்றியே மார்ச் மாதம் வெஸ்ட் ஹாமில்தான் வந்தது. அதே பதினோரு பேர்தான், திடீரென்று ஓடுகிறார்கள், முட்டி மோதுகிறார்கள். பார்க்கிறவனுக்குக் கோபம் வருவது இயல்பு.

ஆனால் ஷேக்ஸ்பியர் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை என்பதைக் கவனியுங்கள். 2015-16-ல் ஆடிய பழைய 4-4-2-ஐ (பின்னால் நாலு பேர், நடுவில் நாலு, முன்னால் இரண்டு) அப்படியே திருப்பிக் கொடுத்தார். பாக்ஸை விட்டு நகராத தடுப்பாட்டக்காரர்கள் மோர்கனும் ஹூத்தும், பின்னாலேயே நிற்கும் ஃபுல் பேக்குகள், பந்து கிடைத்ததும் வார்டி ஓடுவதற்கு முன்னால் ஒரு நீளமான பாஸ். வார்டியின் கால்களுக்கு வேண்டியது அந்த வெற்றிடம். ரனியேரி அந்தக் குளிர்காலத்தில் பின்னால் மூன்று பேர், நடுவில் டயமண்ட் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். முன்பு செல்சியில் இருந்தபோது அவருக்கு வந்த ‘டிங்கர்மேன்’ (அணியை மாற்றிக்கொண்டே இருப்பவர்) என்ற பட்டப்பெயர் இங்கே மறுபடி உயிர் பெற்றது. சாம்பியன் ஆன வருஷத்தில் அவர் செய்த பெரிய காரியமே கைவைக்காமல் விட்டதுதான். ஓடிக்கொண்டிருந்ததை ஓட விட்டார், பையன்களைச் சிரிக்க வைத்தார், கோல் வாங்காமல் ஆடினால் பீட்ஸா என்றார். அடுத்த வருஷம் அந்தப் பொறுமை அவரிடமும் தீர்ந்துபோனது.

ஆட்டக்காரர்கள் சதி செய்தார்களா? ரனியேரியே பிறகு ஒரு பேட்டியில், தன் பையன்கள் தன்னைக் கவிழ்த்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்றார். அவர் நம்பாததை நான் நம்பப் போவதில்லை. திட்டத்தின் மேல் நம்பிக்கை போன அணி அரை நொடி தாமதமாக ஓடும். அதைச் செய்கிறவனுக்கே அது தெரியாது. அந்த நம்பிக்கை அதே மேனேஜரிடம் திரும்பி வருவது அபூர்வம். டிரெஸ்ஸிங் ரூமில் 25 பேரை சீசன் நடுவில் மாற்ற முடியாது, ஜனவரியில் ஆட்களை வாங்கி விற்கும் ட்ரான்ஸ்ஃபர் ஜன்னலும் மூடிவிட்டது. மாற்றக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். இது நியாயமில்லை என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். வேறு வழி இருந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: கான்டேயை வித்தது யார் சார்? கிளப்தானே? அந்தத் தப்புக்கு மேனேஜர் தலையை வாங்கலாமா?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 2016 கோடையில் செல்சி ஏறக்குறைய 3.2 கோடி பவுண்டுக்கு நடுவரிசை ஆட்டக்காரர் கான்டேயைக் கொண்டுபோனது. அடுத்த மே மாதம் அங்கேயும் லீக் கோப்பையைத் தூக்கினார், இரண்டு வருஷத்தில் இரண்டு கிளப்போடு. லெஸ்டரின் 4-4-2-ல் நடுவரிசையின் மையத்தில் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரில் ஒருவர் இரண்டு ஆள் வேலையைச் செய்ததால்தான் அந்த அமைப்பே நின்றது. அவர் போனதும் டிரிங்க்வாட்டருக்கு முன்னும் பின்னும் ஓட்டை விழுந்தது. மோர்கன், ஹூத் இருவரும் வேகமானவர்கள் இல்லை. அவர்கள் முன்னால் நின்ற திரை விலகிவிட்டது.

ஆனால் ஆள் போனதைவிட அதிகம் வலித்தது, ஆளைக் கண்டுபிடிப்பவர் போனது. கான்டேயையும் மாரெஸையும் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பணியில் முக்கியமானவர் ஸ்டீவ் வால்ஷ். அதே கோடையில் அவர் எவர்ட்டனுக்குப் போய்விட்டார். பிறகு கிளப்பின் வரலாற்றிலேயே அதிக விலை கொடுத்து முதலில் மூஸாவையும், அதையும் தாண்டி ஸ்லிமானியையும் வாங்கினார்கள். இரண்டு பேரும் முன்வரிசை. ஓட்டை இருந்தது நடுவில். அதை அடைக்கும் தகுதியுள்ள இந்திடி வந்தது ஜனவரியில், அதற்குள் அணி சரிந்துவிட்டது.

அந்தச் சரிவில் நிர்வாகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சரிவைக் கிளப் உண்டாக்கியதா என்பது ஒரு கேள்வி. பிப்ரவரியில் என்ன செய்திருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. ஆகஸ்ட் தவறுக்காக மே மாதம் ரெலிகேஷனை ஏற்றுக்கொள்ள எந்த கிளப்பாலும் முடியாது.

கேள்வி: நீக்குறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி "முழு ஆதரவு"ன்னு அறிக்கை விட்டாங்களே?

பிப்ரவரி 7-ல் விட்டார்கள். 16 நாள் கழித்து நீக்கினார்கள். அதற்கும் முன்னால், 2016 ஆகஸ்ட்டில், 2020 வரை புது ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அந்த அறிக்கையை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். அவரை அவமதித்தது நீக்கம் அல்ல, அந்த அறிக்கைதான்.

கேள்வி: செவில்லாவோட இரண்டாவது லெக் வரைக்குமாவது விட்டிருக்கலாம் இல்லையா? சாம்பியன்ஸ் லீக் அவர் சம்பாதிச்ச இடம்.

மனசு அப்படித்தான் சொல்கிறது. ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கில் ஸ்பெயினின் செவில்லாவோடு இரண்டு ஆட்டம் (லெக்); முதலாவதில், செவில்லாவில், 1-2 என்று தோற்றாலும் வார்டியின் கோல் இருந்தது, கோல்கீப்பர் ஷ்மைக்கேல் ஒரு பெனால்டியைத் தடுத்திருந்தார். போட்டி உயிரோடு இருந்தது. மறுநாளே நீக்கினார்கள்.

காலண்டரைப் பாருங்கள். இரண்டாவது லெக் மார்ச் 14. அதற்குள் லிவர்பூலும் ஹல்லும் வருகின்றன. அதில் ஹல் நேரடிப் போட்டியாளர், கீழே பிடித்து இழுக்கும் அணி. அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தால் கதை வேறு. லெஸ்டர் 3-1 என்று ஜெயித்தது. பிறகு செவில்லாவையும் 2-0 என்று வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார்கள். மோர்கனும் ஆல்பிரைட்டனும் கோல், ஷ்மைக்கேல் மறுபடி ஒரு பெனால்டி தடுத்தார். அந்த இரவு ரனியேரி அங்கே இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கேள்வி: ஷேக்ஸ்பியரையும் அக்டோபர்லயே தூக்கிட்டாங்க. அப்ப ரனியேரியை நீக்கினதும் தப்புதானே அண்ணே?

இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். 13 ஆட்டத்தில் 23 புள்ளி எடுத்து, 44 புள்ளியோடு 12-வது இடத்தில் அணியை நிறுத்தினார் ஷேக்ஸ்பியர். பிப்ரவரி முடிவு என்ன வேண்டிக் கேட்டதோ அது கிடைத்துவிட்டது. ஜூனில் அவருக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுத்தது தனி முடிவு, அங்கேதான் பிசகினார்கள். நெருப்பை அணைத்தவரையே வீடு கட்டச் சொன்னார்கள். எட்டு ஆட்டத்தில் ஆறு புள்ளி வந்ததும் அனுப்பிவிட்டார்கள். 2024-ல் 60 வயதில் அவர் காலமானார். 2017 வசந்தத்தில் அவர் அந்த கிளப்புக்குச் செய்ததை உரக்கச் சொல்ல ஆள் குறைவாக இருக்கிறது, அதனால் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: நீங்க புள்ளிக் கணக்கு பேசுறீங்க. நன்றின்னு ஒண்ணு இல்லையா? லெஸ்டர் மாதிரி கிளப்புக்கு ரெலிகேஷன் புதுசா? ரனியேரியோட இறங்கியிருந்தாலும் கௌரவம்தான்.

இந்தக் கேள்வியை மதிக்கிறேன். 132 வருஷ கிளப்புக்கு முதல் லீக் கோப்பை அது. லெஸ்டர் தெருக்களில் பல பேர் உங்களைப் போலவேதான் சொன்னார்கள். அந்த ஊர்க்காரரும் முன்னாள் இங்கிலாந்து வீரருமான கேரி லினேக்கர் கண்ணீர் விட்டதாகச் சொன்னார். அப்போது மான்செஸ்டர் யுனைடெட்டின் மேனேஜராக இருந்த மொரின்யோ தன் சட்டையில் ரனியேரியின் முதலெழுத்துகளைப் போட்டுக்கொண்டு பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். லெஸ்டரிடம் தோற்ற மூன்று நாளில் செல்சி நீக்கிய அதே மொரின்யோ.

நன்றியைக் காட்ட வழிகள் இருக்கின்றன. பதவி அதில் சேராது. ரெலிகேஷன் என்றால் மேனேஜர் ஒருவர் தோற்பது மட்டும் இல்லை. டிவி பணம் போய், டிக்கெட் கவுண்டரிலும் சமையலறையிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கோப்பையிலும் இருக்காது. கௌரவத்தோடு இறங்கலாம் என்று டிவி முன்னால் உட்கார்ந்து நாம் சொல்லிவிடலாம்.

கேள்வி: அப்ப 2023-ல ராட்ஜர்ஸை நீக்கியும் இறங்கினாங்களே? உங்க லாஜிக் எங்க?

என் வாதத்துக்குப் பெரிய பலமே அதுதான். பிரெண்டன் ராட்ஜர்ஸ் 2021-ல் எஃப்.ஏ. கோப்பையை வாங்கித் தந்தவர். லெஸ்டருக்கு அது முதல் தடவை. இறுதி ஆட்டத்தில் டீலமன்ஸின் ஒரே கோல், செல்சி தோல்வி. லீக்கில் இரண்டு முறை தொடர்ந்து ஐந்தாம் இடம். அவர் மீதிருந்த அந்த நன்றிதான் கிளப்பைக் காத்திருக்க வைத்தது. 2023 ஏப்ரல் 2-ல் நீக்கும்போது 10 ஆட்டம்தான் மிச்சம், அணி 19-வது இடம். பிறகு வந்த டீன் ஸ்மித்துக்கு நேரமே இல்லை. கடைசி நாளில் வெஸ்ட் ஹாமை வென்றும் 34 புள்ளியோடு இறங்கினார்கள். எவர்ட்டன் 36-ல் தப்பியது. இரண்டு புள்ளி! அந்த முடிவை பிப்ரவரியில் எடுத்திருந்தால் வித்தியாசமாக முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: 2024-ல ஸ்டீவ் கூப்பர்?

அந்த மேனேஜரையும் லெஸ்டர் நீக்கியது, அது தவறு. தயங்காமல் சொல்கிறேன். 12 ஆட்டத்தில் 10 புள்ளி, 16-வது இடம். மேலே ஏறி வந்த அணிக்கு அது மோசமே இல்லை. ஆட்டம் அழகாக இல்லை, ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், நவம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். வான் நிஸ்டல்ரூய் வந்தார். மீதி 26 ஆட்டத்தில் 15 புள்ளி, மறுபடி ரெலிகேஷன். கூப்பரின் அணி சரிந்துகொண்டிருக்கவில்லை, தட்டுத் தடுமாறி நின்றுகொண்டிருந்தது. ரனியேரியின் அணி விழுந்துகொண்டிருந்தது. நிர்வாகம் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

கேள்வி: உங்க கணக்கில் மன்னிக்கவே முடியாத நீக்கம் எது ஐயா?

நியூகாஸிலில் பாபி ராப்சன், 2004 ஆகஸ்ட். 1999-ல் அடிமட்டத்தில் கிடந்த அணியை எடுத்தார். சொந்த மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே ஷெஃபீல்டு வெட்னஸ்டேயை 8-0. அதன்பின் லீக்கில் நாலாம் இடம், மூன்றாம் இடம், ஐந்தாம் இடம், யுஇஎஃப்ஏ கோப்பை அரையிறுதி. புது சீசனில் நாலு ஆட்டம் ஜெயிக்கவில்லை என்று நீக்கினார்கள். நாலே நாலு! ட்ரான்ஸ்ஃபர் ஜன்னல் மூட ஒரு நாள், அடுத்து யார் என்ற யோசனையும் இல்லை. கிரேம் சூனஸ் வந்தார், சீசன் முடிவில் 14-வது இடம். பக்கத்து டர்ஹாம் கவுண்டியில் பிறந்து, அந்த கிளப்பை நேசித்த மனிதர் அவர். அங்கே அவசரம் எதுவும் இல்லை. லெஸ்டரில் இருந்தது.

கேள்வி: நிகெல் ஆட்கின்ஸ்?

சவுத்தாம்ப்டனை இரண்டு வருஷத்தில் இரண்டு டிவிஷன் ஏற்றியவர். 2013 ஜனவரியில் நீக்கியபோது எல்லோரும் கொதித்தார்கள். வந்தவர் பொச்செட்டினோ. அடுத்த சீசன் எட்டாம் இடம். வலித்தது, ஆனால் சரி.

கேள்வி: ரனியேரி அந்த ஒரு வருஷ அதிர்ஷ்டம்தான், லெஸ்டருக்கு அப்புறம் ஒண்ணும் இல்லைன்னு என் நண்பன் சொல்றான். உண்மையா?

ஃபுல்ஹாமில் சரிவரவில்லை, மூன்று மாதத்தில் முடிந்தது. ஆனால் 2023-ல் இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் இருந்த கால்யாரியை மேலே ஏற்றினார். பிளே ஆஃப் இறுதியில், பாரி மைதானத்தில், 90 நிமிடம் முடிந்து இஞ்சுரி டைமில் பாவொலெட்டி அடித்த கோல் அது. அடுத்த வருஷம் அங்கேயே தங்க வைத்துவிட்டு ஓய்வு பெற்றார். 2024 நவம்பரில் அவர் பிறந்த ஊர் ரோமா கிளப் கூப்பிட்டது. அணி 12-வது இடம், அவருக்கு வயது 73. மே மாதம் ஐந்தாம் இடத்தில் விட்டுவிட்டுப் போனார். உங்கள் நண்பரிடம் அந்த ரோமா ஆட்டங்களில் சிலவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.