வெப்பம் ஓரிடம், பழி ஓரிடம்

கேள்வி: என்னிடம் ஐ7 12700எஃப் பிராசஸர், எச்610 மதர்போர்டு, ஆர்.டி.எக்ஸ் 3060 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. அரை மணி நேரம் வரை கேம் 120 எஃப்.பி.எஸ்ஸில் (நொடிக்கு 120 படங்கள்) ஓடுகிறது, அப்புறம் திடீரென 35, 40 என்று விழுந்து, தானாகச் சரியாகி, மறுபடி விழுகிறது. பிராசஸர் 65 டிகிரி, கார்டு 70 டிகிரிதான் காட்டுகிறது. லிக்விட் கூலர் போட்ட பிறகுதான் இப்படி. கார்டு போய்விட்டது என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: அவசரப்பட்டுக் கார்டை மாற்றிவிடாதீர்கள். இந்த வகைக் கார்டுகள் 83 டிகிரியை ஒட்டிப் போகும்போது வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்துக்கொள்ளும். 120 என்பது 110 ஆகும், 105 ஆகும், ஒரேயடியாக 35க்கு வராது. உங்கள் கார்டோ 70லேயே நிற்கிறது. பிராசஸரும் 65தான், அதன் எல்லை 100. ஆக, சூடு நீங்கள் பார்க்காத இடத்தில் இருக்கிறது.

என் சந்தேகம் வி.ஆர்.எம் மீதுதான். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை பிராசஸருக்கு வேண்டிய ஒரு வோல்ட்டுச் சொச்சமாக இறக்கிக் கொடுக்கிற பகுதி அது, போர்டில் பிராசஸரை ஒட்டியே இருக்கும். 12700எஃப் முழு மூச்சில் 180 வாட் வரை இழுக்கும், ஆனால் விலை குறைந்த எச்610 போர்டுகள் பலவற்றில் வி.ஆர்.எம் மேல் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கே கிடையாது. பழைய ஃபேன் கூலர் கீழ்நோக்கி ஊதிய காற்று சிதறி இதன் மேலும் பட்டுக்கொண்டிருந்திருக்கும். லிக்விட் கூலர் வந்ததும் பிராசஸர் குளிர்ந்தது, அதன் அக்கம்பக்கத்துக்குக் காற்று நின்றுபோனது. காசு கொடுத்து வாங்கிய வினை! வி.ஆர்.எம் எல்லை மீறிச் சூடானால் போர்டு பிராசஸரின் வேகத்தை வெட்டிவிடும், ஆறியதும் விட்டுவிடும்.

உறுதி செய்துகொள்ள எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்து விளையாடுங்கள். வேகம் விழும் நேரத்தில் பிராசஸரின் கிளாக் (அது ஓடும் வேகம்) 4,500 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து பாதிக்கும் கீழே போயிருக்கிறதா, கார்டின் பயன்பாடும் கூடவே சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து நடந்தால், பிராசஸர் வேலை கொடுக்காததால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதைவிட எளிய சோதனையும் உண்டு: கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை போர்டுக்கு நேராக வைத்து ஒரு மணி நேரம் ஆடுங்கள். வேகம் விழவே இல்லை என்றால் கார்டின் மேல் பழி இல்லை.

சின்ன ஃபேன் ஒன்றை வி.ஆர்.எம் பக்கம் திருப்பிப் பொருத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கூடவே போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் பிராசஸரின் பவர் லிமிட்டை 90 வாட் அளவில் கட்டிவையுங்கள். நிறைய கேம்கள் அதற்கு மேல் கேட்பதில்லை, வீடியோ ரெண்டரிங் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். போர்டையே மாற்றுவதென்றால் ஹீட்சிங்க் உள்ள பி660 போதும், ஆனால் அதில் டி.டி.ஆர்4 ரேமுக்கும் டி.டி.ஆர்5 ரேமுக்கும் தனித்தனி போர்டுகள் விற்கிறார்கள், உங்கள் ரேம் எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 60 எஃப்.பி.எஸ்ஸில் ஓடும் கேம், கூட்டமான இடத்துக்குப் போனதும் நேராக 30க்கு இறங்குகிறது. நடுவில் 50, 45 எதுவும் இல்லை. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். (மதுரை வாசகர்)

பதில்: வி-சிங்க் போட்டிருக்கிறீர்கள், அதாவது கார்டு தரும் படங்களை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் அமைப்பு. மானிட்டர் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு படம் கேட்கிறது. கார்டு 17 எடுத்துக்கொண்டால் பஸ்ஸைத் தவறவிட்ட கதைதான், 33.3 வரை காத்திருக்க வேண்டும். வி-சிங்கை நிறுத்திப் பாருங்கள். படம் கிழிந்து தெரிந்தால் மறுபடி போட்டுக்கொண்டு, நிழல் தரத்தை ஒரு படி குறையுங்கள்.

கேள்வி: விளையாடும்போது வேகம் பாதியாகிறது. காரணம் தேட டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் உடனே சரியாகிவிடுகிறது, மூடினால் பழையபடி! பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. (கோவை வாசகர்)

பதில்: பேய்க்கு இதில் வேலை இல்லை, யாரோ உங்கள் கார்டை வைத்து கிரிப்டோ மைனிங் (கணக்குப் போட்டு டிஜிட்டல் காசு சம்பாதிப்பது) செய்கிறார்கள் போலிருக்கிறது. டாஸ்க் மேனேஜர் திறந்ததும் பதுங்கிக்கொள்ளும்படி எழுதப்பட்ட மைனர்கள் உண்டு. நீங்கள் சொல்லவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்: கிராக் செய்த கேம் ஏதாவது இறக்கினீர்களா? இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன் பட்டியலை (ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விடும் இடங்கள்) திறந்து நீங்கள் சேர்க்காத ஃபோல்டர்களை நீக்குங்கள், பிறகு விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். நானாக இருந்தால் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுவேன். வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை மட்டும் போனில் மாற்றுங்கள். அந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதுப் பாஸ்வேர்டும் அவர்கள் கைக்கே போகலாம்.